95 சென்டிமீட்டரும் 143 அடியும்

2023 டிசம்பர் 18-ம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62, மூலைக்கரைப்பட்டியிலும் 62, மலைமேல் மாஞ்சோலையில் 55. சென்னை வானிலை ஆய்வு மையத்தின் பட்டியல் இப்படிச் சொன்னது. தொலைக்காட்சியில் ஓடிய எழுத்துகளிலோ இதே மழை மில்லிமீட்டரில் தொள்ளாயிரத்துச் சொச்சம். தாமிரபரணியில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதைக் கன அடியில் சொன்னார்கள். அணை எதுவரை நிரம்பியிருக்கிறது என்பதை அடியில் சொன்னார்கள். ஒரே தண்ணீர்தான். மேகத்தில் புறப்பட்டு புன்னைக்காயலில் கடலைச் சேர்வதற்குள் அதற்கு நான்கு அளவுகோல்கள்.

இந்த நான்கில் முதல் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு தசமப் புள்ளி. 950 மில்லிமீட்டரில் புள்ளியை ஓரிடம் இடப்பக்கம் தள்ளினால் 95 சென்டிமீட்டர். மூன்றிடம் தள்ளினால் 0.95 மீட்டர்; ஆறிடம் தள்ளினால் 0.00095 கிலோமீட்டர். எண்ணின் முகம் மாறவே இல்லை, 9-ம் 5-ம் அப்படியே இருக்கின்றன. மற்ற இரண்டு அளவுகோல்களுக்குப் போக வேண்டுமென்றால் 0.3048, 28.317 என்று மனதில் நிற்காத எண்களைத் தேட வேண்டும்.

மில்லி ஆயிரத்தில் ஒரு பங்கு, சென்டி நூற்றில் ஒரு பங்கு, டெசி பத்தில் ஒரு பங்கு. அந்தப் பக்கம் டெக்கா பத்து மடங்கு, ஹெக்டோ நூறு மடங்கு, கிலோ ஆயிரம் மடங்கு. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒப்பித்த ஏணிதான் இது. அதில் டெசிமீட்டர், டெக்காமீட்டர், ஹெக்டோமீட்டர் மூன்றையும் பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம். "கடைக்குப் போக ரெண்டு ஹெக்டோமீட்டர் நடக்கணும்" என்று யாரும் பேசுவதில்லை. ஆனால் அந்த மூன்றும் எங்கேயும் போய்விடவில்லை. வேறு பெயரில் நம் வீட்டிலேயே இருக்கின்றன. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் மழை.

தண்ணீரை லிட்டரில் அளப்பதுதானே வழக்கம், மழையை மட்டும் ஏன் நீளத்தின் அலகில் சொல்கிறார்கள்? பெய்த மழை ஓடாமல், மண்ணுக்குள் இறங்காமல், ஆவியாகாமல் விழுந்த இடத்திலேயே நின்றால் எவ்வளவு ஆழம் நிற்கும் என்பதே அந்த எண். இப்படிச் சொல்வதில் ஒரு வசதி உண்டு. பாத்திரத்தின் வாய் பெரிதா சிறிதா என்ற கேள்வி எழாது. குளத்துக்கும் 95 செ.மீ.தான், குவளைக்கும் 95 செ.மீ.தான். அதாவது மூன்று அடி ஒன்றரை அங்குலம் என்று வையுங்கள். வளர்ந்த ஆளுக்கு இடுப்பளவு.

மழைமானியில் அளப்பதோ கன அளவைத்தான். வட்டமான வாயுள்ள புனல், அதன் கீழே ஒரு புட்டி. தினமும் காலை எட்டரைக்குப் புட்டியை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்க்கிறார்கள். புனலின் வாய் 200 சதுர சென்டிமீட்டர் என்றால், 1 மி.மீ. மழைக்குப் புட்டியில் சேர்வது 200 × 0.1 = 20 கன சென்டிமீட்டர், அதாவது 20 மில்லிலிட்டர். குவளை ஒல்லியானது. அதனால் அந்த 20 மில்லிலிட்டர் அதில் நன்றாக உயர்ந்து நிற்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கண்ணால் படித்துவிடலாம். குவளையில் எழுதியிருக்கும் "1 மி.மீ." அந்தக் குவளையின் உயரத்தைக் குறிப்பதில்லை, வெளியே தரையில் நின்றிருக்கக்கூடிய ஆழத்தைக் குறிக்கிறது. எனவே குவளையும் புனலும் ஜோடி. 100 சதுர சென்டிமீட்டர் புனலுக்குச் செய்த குவளையை 200 சதுர சென்டிமீட்டர் புனலோடு சேர்த்துவிட்டால் ஊரில் இரண்டு மடங்கு மழை பெய்துவிடும், காகிதத்தில்.

காயல்பட்டினத்து 95 செ.மீ.யை 200 சதுர சென்டிமீட்டர் வாய் கொண்ட மானியில் கணக்கிட்டால் 19,000 கன சென்டிமீட்டர் வருகிறது. 19 லிட்டர். உள்ளங்கையை விரித்தால் கிட்டத்தட்ட மூடிவிடக்கூடிய வாய் வழியாக ஒரு குடத்துக்கும் மேலான தண்ணீர் இறங்கியிருக்கும்!

வீட்டிலும் இதை அளக்கலாம். சுவர் செங்குத்தாக நிற்கும் தகர டப்பா ஒன்றும் பள்ளிக்கூட ஸ்கேலும் போதும். டப்பா மரத்தடியிலோ கூரையோரத்திலோ இல்லாமல் வெட்டவெளியில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி ஆகாது. அதன் வாய் அகலம், அடி குறுகல். மழையைக் கூட்டிக் காட்டும்.

மறந்துபோன மூன்று அலகுகளில் முதலாவது இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஒரு லிட்டர் என்பது ஒரு கன டெசிமீட்டர்: 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம். பால் பாக்கெட்டிலும் பெட்ரோல் பங்கிலும் நாம் தினமும் டெசிமீட்டரைத்தான் கன அளவாக்கி வாங்குகிறோம். இது தெரிந்தால் மழைக் கணக்கு கைக்கு வந்துவிடும். ஒரு சதுர மீட்டரில் 100 சதுர டெசிமீட்டர். அதன்மேல் 1 மி.மீ., அதாவது 0.01 டெசிமீட்டர் தண்ணீர் நின்றால் 100 × 0.01 = 1 கன டெசிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி ஏறத்தாழ 93 சதுர மீட்டர். 950 மி.மீ. மழைக்கு அதில் விழுவது சுமார் 88,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் ஏழு லாரிக்கு மேல், ஒரே வீட்டு மாடியில், ஒரே நாளில்.

மாடியிலிருந்து ஊருக்குப் போகும்போதுதான் புள்ளி வேகமெடுக்கிறது. கிலோமீட்டர் மீட்டராக வேண்டுமானால் புள்ளி மூன்றிடம் நகரும். சதுர கிலோமீட்டர் சதுர மீட்டராக வேண்டுமானால் ஆறிடம். கன கிலோமீட்டருக்கு ஒன்பதிடம். நீளத்தில் ஒரு மடங்கு என்றால் பரப்பில் அது இருமுறை பெருகும், கன அளவில் மும்முறை. மாணவர்கள் தடுக்கி விழுவதெல்லாம் இங்கேதான். ஒரு சதுர மீட்டரில் 100 சதுர சென்டிமீட்டர் என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போவார்கள்; விடை 10,000. ஒரு சதுர கிலோமீட்டரில் 10 லட்சம் சதுர மீட்டர். அதன்மேல் 950 மி.மீ. என்றால் 95 கோடி லிட்டர். இப்படி முப்பது சதுர கிலோமீட்டர் இருந்தால், செய்தித்தாள்கள் டிஎம்சி என்று எழுதும் நூறு கோடி கன அடி ஒன்று தேறிவிடும். முப்பது சதுர கிலோமீட்டர் என்பது பெரிய இடமில்லை. பக்கத்துக்கு ஐந்தரை கிலோமீட்டர் உள்ள ஒரு சதுரம்.

மில்லிமீட்டரைச் சென்டிமீட்டராக்கும்போது எதுவும் தொலைவதில்லை. முழு எண்ணாக்கும்போது தொலைகிறது. வானிலை மையத்தின் வகைப்பாட்டில் ஒரு நாளில் 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6 தொட்டால் மிகக் கனமழை, 204.5 தொட்டால் அதி கனமழை. எல்லைகளெல்லாம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை துல்லியம். செய்திக்குறிப்பிலோ முழு சென்டிமீட்டர். 204.4 மி.மீ. பெய்த ஊரும் 204.5 மி.மீ. பெய்த ஊரும் பட்டியலில் 20 என்றே வரும். முன்னது மிகக் கனமழை, பின்னது அதி கனமழை. 95 என்று எழுதப்பட்ட மழையும் 945 முதல் 954 மி.மீ. வரை எதுவாகவும் இருக்கலாம். ஒன்பது மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. ஒரு சதுர கிலோமீட்டரில் அது 90 லட்சம் லிட்டர். சாதாரண நாளில் சென்டிமீட்டர் போதும், வெள்ள நாளில் மில்லிமீட்டரிலேயே போடலாம் என்பது என் கட்சி.

இனி அணைகள். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்த மூன்று எண்களும் மனப்பாடம். மழைக்காலத்தில் டீக்கடையில், "பாவநாசம் நூத்திமுப்பதைத் தாண்டிட்டாம்லா" என்றால் அது வெறும் தகவல் இல்லை, பிசான நெற்பயிர் கரையேறும் என்ற நம்பிக்கை. மீட்டரில் சொன்னால் இவை முறையே 43.6, 47.5, 36. யாருக்கும் ஒட்டாது. அடியில் சொல்வதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அணைகள் அந்த அலகில் கட்டப்பட்டன, அளவுகோல் சுவரில் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது, ஊர் அதோடு பழகிவிட்டது.

சிக்கல் வேறு. மூன்று அணைகளில் எண் பெரியது சேர்வலாறு, 156. ஆனால் அது பிடிப்பது ஏறத்தாழ 1.2 டிஎம்சிதான். 143 அடி பாபநாசம் 5,500 மில்லியன் கன அடி பிடிக்கும். 118 அடி மணிமுத்தாறோ 5,511 மில்லியன் கன அடி! எண்ணில் மிகச் சிறியதான மணிமுத்தாறுதான் மூன்றிலும் அதிகம் கொள்வது. அடி என்பது ஒரு நீளம், ஒரே ஒரு திசையில். தண்ணீருக்கு மூன்று திசைகள். சேர்வலாறு மலை இடுக்கில் ஆழமாக நிற்கிறது. மணிமுத்தாறு மலையடிவாரத்தில் அகலமாகப் பரந்து கிடக்கிறது. ஒரே அணையிலும்கூட ஓர் அடிக்கு ஒரே மதிப்பு கிடையாது. பள்ளத்தாக்கு மேலே போகப்போக விரியும் என்பதால், 130-லிருந்து 131-க்கு ஏறும் அடியில் இருக்கும் தண்ணீர், 50-லிருந்து 51-க்கு ஏறும் அடியில் இருப்பதைவிடப் பல மடங்கு. "ஒரே ராத்திரியில் பத்தடி உயர்வு" என்ற தலைப்பை மட்டும் படித்தால், அணை ஏற்கெனவே எங்கே நின்றது என்று தெரியாமல், எவ்வளவு தண்ணீர் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மெட்ரிக் அலகுகளிலேயே நின்றால் கணக்கு எப்படி ஓடும் என்று ஒரு மாதிரிக்குப் பாருங்கள். நூறு சதுர கிலோமீட்டர் மலையில் 100 மி.மீ. மழை, முழுவதும் அணைக்கே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். (வராது, மண்ணும் மரமும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும்.) நூறு சதுர கிலோமீட்டர் பத்துக் கோடி சதுர மீட்டர். 100 மி.மீ. என்பது 0.1 மீட்டர். பெருக்கினால் ஒரு கோடி கன மீட்டர். பாபநாசத்தின் முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 15.6 கோடி கன மீட்டர். பதினைந்தில் ஒரு பங்கு வந்திருக்கிறது என்று மனதிலேயே சொல்லிவிடலாம். இதையே அடி, கன அடி, மில்லியன் கன அடி என்று போய்ப் போட்டுப் பாருங்கள், ஒரு பக்கம் காகிதம் வேண்டும். ஆற்றில் விநாடிக்கு ஆயிரம் கன அடி என்றால் 28.3 கன மீட்டர். ஒரு நாள் முழுக்க அப்படி ஓடினால் சுமார் 24.5 லட்சம் கன மீட்டர். கன மீட்டரில் தெரிந்துவிட்டால், பாபநாசம் நிரம்ப இந்த வேகத்தில் எத்தனை நாள் ஆகும் என்று ஒரே வகுத்தலில் வந்துவிடும்: அறுபத்துச் சொச்சம்.

மறந்துபோன மற்ற இரண்டு அலகுகளும் பட்டாவில் இருக்கின்றன. சிட்டாவை எடுத்துப் பாருங்கள். பரப்பு என்ற கட்டத்தில் "ஹெக் - ஏர்" என்று போட்டு, 0 - 40.50 என்பது போல ஓர் எண் இருக்கும். ஏர் என்பது பக்கத்துக்குப் பத்து மீட்டர் கொண்ட சதுரம், அதாவது ஒரு சதுர டெக்காமீட்டர். ஹெக்டேர் என்பது பக்கத்துக்கு நூறு மீட்டர், அதாவது ஒரு சதுர ஹெக்டோமீட்டர். பக்கம் பத்து மடங்கானதும் பரப்பு நூறு மடங்கானதால் ஒரு ஹெக்டேருக்கு 100 ஏர். ஒரு ஏக்கருக்கும் 100 சென்ட். அதனால் ஒரு வசதி கிடைக்கிறது: ஹெக்டேரை ஏக்கராக்கவும் 2.47-ஆல் பெருக்க வேண்டும், ஏரைச் சென்ட்டாக்கவும் அதே 2.47-தான். 40.50 ஏர் என்றால் நூறு சென்ட், ஓர் ஏக்கர்.

இங்கே புள்ளி இடம் மாறினால் வம்பு. 0 - 40.50 ஓர் ஏக்கர். 0 - 04.05 பத்து சென்ட். 4-க்கு முன்னால் ஒரு பூஜ்யம் ஏறிக்கொண்டதும் பத்தில் ஒன்பது பங்கு நிலம் காணாமல் போய்விட்டது. 1979-ல் தொடங்கிய யுடிஆர் எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில்தான் தமிழ்நாட்டுக் கிராமக் கணக்குகள் ஏக்கர்-சென்ட்டிலிருந்து ஹெக்டேர்-ஏருக்கு மாறின. மரக்கால் விதைப்பாடு என்று விதையைக் கொண்டு வயலை அளந்த தலைமுறை தாமிரபரணிப் பாசனத்தில் அப்போதும் இருந்தது. ஒரே வயலுக்கு மூன்று கணக்கு. கிரயப் பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஏர், தாத்தா வாயில் மரக்கால். வாங்குகிறவர்கள் மூன்றும் ஒரே நிலத்தைத்தான் சொல்கின்றனவா என்று பெருக்கிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுப்பது நல்லது.

பழைய புலப்படங்களில் இன்னொரு சுவாரசியம் உண்டு. அவை சங்கிலிக் கணக்கு. எட்மண்ட் கண்ட்டர் என்ற ஆங்கிலேயர் 1620-ல் வகுத்த 66 அடிச் சங்கிலி அது, நூறு கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். அடியும் அங்குலமும் பன்னிரண்டு பன்னிரண்டாக ஏறிக்கொண்டிருந்த காலத்தில், பிரெஞ்சுக்காரர்கள் மீட்டரைக் கண்டுபிடிப்பதற்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே, நில அளவையர்கள் புள்ளியை நகர்த்தும் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். கணக்குப் போட வேண்டிய ஆட்களிடம் கேட்டால் அவர்கள் பத்தின் பக்கம்தான் நிற்பார்கள்.

வீடு கட்டும் இடத்தில் நிலவரம் வேடிக்கை. கம்பியின் கனம் எப்போதும் எம்எம்தான். எட்டு எம்எம், பன்னிரண்டு எம்எம், பதினாறு எம்எம். அதன் நீளத்தைக் கேட்டால் "நாப்பது அடி" என்பார்கள். ஆலையிலிருந்து வருவது 12 மீட்டர், அதாவது 39.37 அடி. ஒரு கம்பிக்கு 19 செ.மீ. குறைகிறது. நாற்பது அடி என்று நம்பி நூறு கம்பிக்குக் கணக்குப் போட்டால் 19 மீட்டர் துண்டு விழும், ஒன்றரைக் கம்பி. 20 மி.மீ. ஜல்லிக்கு இன்னும் பெயர் முக்கால் ஜல்லி. முக்கால் அங்குலம் 19.05 மி.மீ. என்பதால் அது பெரிய பிழையில்லை. கம்பியின் எடைக்குப் பொறியாளர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 8 மி.மீ.க்கு 64-ஐ வகுத்தால் 0.395 கிலோ, 16 மி.மீ.க்கு 256-ஐ வகுத்தால் 1.58 கிலோ. விட்டம் இரட்டித்தது, எடை நான்கு மடங்கானது. ஏரும் ஹெக்டேரும் சொன்ன அதே கதை.

மில்லிமீட்டரோடு நின்றுவிடாத ஓர் இடமும் திருநெல்வேலியில் உண்டு. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் நிலநடுக்கோட்டுப் புவி இயற்பியல் ஆய்வுக்கூடம் கிருஷ்ணாபுரத்தில் இருக்கிறது. அங்கே ஏன்? பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்முனையை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் கிழக்கு நோக்கி ஒரு பெரும் மின்னோட்டம் ஓடுகிறது. அதையும் அதன் சுற்றுப்புறத்தையும் தரையிலிருந்து கவனிக்கத் தோதான ஊர் திருநெல்வேலி.

1990களின் தொடக்கத்திலிருந்து அங்கே இயங்கிய ரேடாரின் அதிர்வெண் 1.98 மெகாஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் 151 மீட்டர். அதைக் கொண்டு 60 முதல் 98 கிலோமீட்டர் உயரத்துக் காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக வீசுகிறது என்று பார்த்தார்கள். இரவில் வானமும் மங்கலாக ஒளிர்கிறது, நிலா இல்லாவிட்டாலும். ஏறத்தாழ 97 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் விடும் பச்சை ஒளியின் அலைநீளம் 557.7 நானோமீட்டர். இன்னும் மேலே, சுமார் 250 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சிவப்பின் அலைநீளம் 630 நானோமீட்டர். கேமராவின் முன் எந்த வடிகட்டியைப் போடுகிறோமோ அந்த உயரம் தெரியும். நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆக, அந்த வளாகத்தில் ஒரே இரவில், ஒரே நோட்டுப் புத்தகத்தில், நானோமீட்டரும் மீட்டரும் கிலோமீட்டரும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் வரும்.

97 கிலோமீட்டருக்குள் இந்தப் பச்சை அலைகள் எத்தனை அடங்கும்? கிலோமீட்டரை நானோமீட்டராக்கப் புள்ளியைப் பன்னிரண்டு இடம் வலப்பக்கம் தள்ள வேண்டும்: 97 லட்சம் கோடி நானோமீட்டர். அதை 557.7-ஆல் வகுத்தால் சுமார் 17,400 கோடி. இவ்வளவு பெரிய தாவலுக்கும் தேவைப்பட்டது பூஜ்யங்களை எண்ணும் பொறுமை மட்டும்தான். உயரத்தை மைலிலும் அலையை அங்குலத்திலும் வைத்துக்கொண்டு இதைச் செய்யச் சொன்னால், 1,760 கஜம், மூன்று அடி, பன்னிரண்டு அங்குலம் என்று படிப்படியாக இறங்கி வர வேண்டும்.

ரேடாருக்குள் இன்னொரு மாற்றமும் நடக்கிறது. அது உயரத்தை அளப்பதே இல்லை, நேரத்தை அளக்கிறது. 90 கிலோமீட்டர் போய்த் திரும்பிய துடிப்புக்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஆறு பங்கு. அதை ஒளியின் வேகத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் உயரம். இது குறுக்கு வழி என்று நினைக்க வேண்டாம், இன்றைய மீட்டரின் வரையறையே இதுதான். 1983 முதல் மீட்டர் என்பது, வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியின் 29,97,92,458-ல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரம். அதற்கு முன் 1960-லிருந்து கிரிப்டான் வாயுவின் ஒளி அலை. அதற்கும் முன் 1889-லிருந்து பாரிஸ் பக்கத்தில் ஒரு பிளாட்டினம்-இரிடியம் கோல்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மீட்டர் பூமியிலிருந்து எடுக்கப்பட்டது. நிலநடுக்கோட்டிலிருந்து வட துருவம் வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கை மீட்டர் என்று வைப்போம் என 1790களில் பிரெஞ்சு அறிஞர்கள் முடிவுசெய்தார்கள். தெலாம்பர், மெஷைன் என்ற இருவர் 1792 முதல் 1798 வரை டன்கிர்க்கிலிருந்து பார்சிலோனா வரை முக்கோணம் முக்கோணமாக அளந்தார்கள். விளைவு, நடுக்கோட்டிலிருந்து துருவத்துக்கு 10,000 கிலோமீட்டர். இந்த எண்ணைக் கொண்டு ஒரு சின்னக் கணக்கு: திருநெல்வேலியின் அட்சரேகை ஏறத்தாழ 8.73 பாகை. தொண்ணூறு பாகைக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் என்றால் 8.73-க்கு 970. நெல்லையப்பர் கோயிலிலிருந்து நேர் தெற்கே 970 கிலோமீட்டர் போனால் நிலநடுக்கோடு.

துல்லியமாகப் பார்த்தால் 965. பூமி துருவங்களில் சற்றுத் தட்டை. அதனால் நம் பக்கம் ஒரு பாகைக்கு 110.6 கிலோமீட்டர்தான், துருவத்தருகே 111.7. இந்த வேறுபாட்டை இந்தியாவில் அளந்து காட்டக் கிளம்பியவர்தான் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல் 10-ம் தேதி சென்னை பரங்கிமலையடியில் நூறு அடி எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கி, பிறகு முக்கோணங்களைக் குமரிமுனைப் பக்கத்துப் புன்னை வரை தெற்கே கொண்டுவந்தார். பிரான்சில் பூமியை அளந்தது மீட்டரை உருவாக்க; இங்கே பூமியை அளந்தது அடியில். அந்த அடியும் ஒரே அடியாக இருக்கவில்லை. இன்று உலகம் ஒப்புக்கொண்ட அடி சரியாக 0.3048 மீட்டர். நில அளவைப் பட்டியல்களில் "இந்திய அடி" என்று தனியாக ஒன்று இருக்கிறது: 0.3047995 மீட்டர். வித்தியாசம் ஓர் அடிக்கு அரை மைக்ரோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத தூசி என்று தோன்றும். பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை சுமார் 128 கிலோமீட்டர் ஓடும் தாமிரபரணியை இந்த இரண்டு அடிகளாலும் அளந்தால் 21 சென்டிமீட்டர் வேறுபடும்.

1956-ல் நாடாளுமன்றம் எடை, அளவு நிர்ணயச் சட்டத்தை நிறைவேற்றியது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது, அடுத்த ஆண்டிலிருந்து கிலோ, பிறகு மீட்டர். துணிக்கடை மாறிவிட்டது. நெடுஞ்சாலை மைல்கல் பெயரில் மட்டும் மைலை வைத்துக்கொண்டு மாறிவிட்டது. 2009-ன் சட்டமுறை எடையளவுச் சட்டமும் மெட்ரிக் அலகுகளையே கேட்கிறது. பூக்காரம்மாவின் முழத்தைச் சட்டத்தால் தொட முடியவில்லை, தொடவும் வேண்டாம்; அங்கே கை நீளமானவரிடம் வாங்கிக்கொள்ளும் சுதந்திரம் நமக்கு இருக்கிறது. அணையும் ஆறும் அப்படி இல்லை. வெள்ளம் வரும் இரவில், மலையில் பெய்த மில்லிமீட்டர், அணையில் ஏறிய அடி, மதகில் திறந்த கன அடி, இந்த மூன்றையும் கரையில் இருப்பவர்கள் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். சேராத அலகுகளில் கொடுத்தால் அவர்களால் பார்க்க முடியாது.

நீர்வளத் துறைக்கும் நாளிதழ்களுக்கும் ஒரு வேண்டுகோள். 143 அடியை எடுக்க வேண்டாம், அது ஊரின் சொத்து. தினசரி அணை நிலவரத்தில் அதன் பக்கத்திலேயே இருப்பைக் கன மீட்டரில் ஒரு கட்டமும், வரத்தை விநாடிக்குக் கன மீட்டரில் ஒரு கட்டமும், நீர்ப்பிடிப்பில் பெய்த மழையை மில்லிமீட்டரில் ஒரு கட்டமும் சேர்த்துப் போடுங்கள். மீதிக் கணக்கை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.